ஏனுங்

"ஒரு 'ஏனுங்' போட்டேன் புள்ள, மனுசன் அணைஞ்சுட்டாரு."

சனிக்கிழமைக் காலை. சுகந்தி சமையலறையில் நின்று தன் தங்கை நந்தினியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். உழவர் சந்தையிலிருந்து திரும்பிய தரணிதரன் கையில் அரைக்கீரைக் கட்டோடு கூடத்தில் நின்றான். பெண்டாட்டி தன்னைப் பற்றிப் பேசுகிறாள் என்று தெரிந்தால் எந்தப் புருஷனும் ஒரு நிமிஷம் நின்று கேட்கத்தான் செய்வான். கேட்காமல் உள்ளே போயிருந்தால் அவனுக்கு நல்லது.

"மைசூர் சமாச்சாரத்த எப்படிச் சொல்றதுன்னு ராப்பகலா வெசனமா இருந்துச்சு. பிள்ளையையும் கூட்டிட்டுப் போறேன்னா சும்மா உடுவாரா? சோத்தைப் போட்டுட்டு மொதல்ல 'ஏனுங்'ன்னேன். அப்பறந்தான் விசயத்தை எடுத்தேன். 'சரி அம்மிணி, போயிட்டு வா'ங்கறாரு. பச்சக் கொழந்தையாட்ட! மாசம் ரெண்டு தடவ அங்க வாங்கன்னு நானே சொல்லிருக்கேன். பயமென்ன? பொட்டு இருக்குதில்ல. அது இல்லீன்னா அவரை எதுக்கு வரச்சொல்றேன்?"

அணைஞ்சுட்டாரு. விளக்கு அணையும், அடுப்பு அணையும். மனுஷனுமா அணைவான்? தரணிதரன் கீரைக் கட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் வெளியே போனான்.

அவன் கதையைச் சொல்லாமல் இதற்கு மேலே போனால் அவன்மேல் வீணாக இரக்கம் வரும். கோயமுத்தூர் கணபதியில் அவனுக்கு மோட்டார் பம்பு செய்கிற பட்டறை. தொழிலில் கெட்டிக்காரன். மூக்குக்கு மேல் கோபம் என்பார்களே, அவனுக்கு மூக்கு வரைக்கும் வர நேரம் பிடிக்காது. யாரையும் அடித்ததில்லை என்று அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். அடிக்கவில்லைதான். தட்டு பறந்தது, மிக்சி ஜார் உடைந்தது, சுவரில் சாம்பார் வழிந்தது. அவன் வீட்டில் இருக்கும்போது டி.வி.யின் சத்தம் தானாகவே குறைந்துவிடும்.

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு நாள் குளியலறைக் கதவை ஓங்கிக் குத்தினான். பலகை உடைந்து கை உள்ளே போய்விட்டது. உள்ளே இருந்தது அவன் மகள் ஆதிரை. கை உள்ளே வந்ததைப் பார்த்த பெண் மத்தியானம் வரைக்கும் வெளியே வரவில்லை. சுகந்தி அழவில்லை, கத்தவில்லை. "வைத்தியத்துக்கு வர்றீங்ளா, இல்ல நாங்க கெளம்பட்டுங்ளா?" என்று மட்டும் கேட்டாள்.

சர்க்கரைக்கு மாத்திரை போல, கோபத்துக்குப் பொட்டு வந்துவிட்ட காலம் அது. காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்கிற, பாசிப்பருப்பு அகல வில்லை. மருத்துவமனைகள் அதற்கு வாயில் நுழையாத பெயர் ஏதோ வைத்திருந்தன. ஜனங்கள் பொட்டு என்றார்கள். டாக்டர் பெனிட்டா நாகர்கோயில்காரர், ஐம்பது வயதிருக்கும். முதல் நாளே அவனுக்கு விளக்கிச் சொன்னார்.

"காதுக்குப் பொறத்தால ஒரு நரம்பு ஓடுது, கேட்டியளா? அதை லேசாத் தட்டினா நெஞ்சுப் படபடப்பு எறங்கிரும். ஆனா பொட்டு அதுவா நெனச்ச நேரமெல்லாம் தட்டிட்டிருந்தா மனுஷன் மரக்கட்டை ஆயிருவான். அதனால, முன்னப்பின்ன ஆனாலும், அஞ்சு நிமிஷத்துக்குள்ள ரெண்டும் சேரணும். உங்க நாடி ஏறணும், நீங்க நம்புற ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லணும். அப்பதான் தட்டும். பொட்டு மருந்து இல்ல, கைத்தடி. கால் நேராகுற வரைக்கும் போதும்."

"என்ன வார்த்தைங்?"

"எதைக் கேட்டா நம்ம வீட்டுல இருக்கோம்னு உங்களுக்குத் தோணும்?"

தரணிதரன் யோசிக்கவே இல்லை. "இவ 'ஏனுங்'ன்னு கூப்புடறதுங்க."

இதற்கு முன் யாரும் அவனிடம் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பக்கத்தில் இருந்த சுகந்திக்கு முகம் சிவந்துவிட்டது. டாக்டருக்கு அது ஏதோ அந்தரங்கமான செல்லப் பெயராகப் பட்டது. நாகர்கோயிலில் பிறந்தவருக்குக் கொங்கு நாட்டுப் பெண்டாட்டி பொழுது விடிந்தால் பொழுது போனால் புருஷனை அழைக்கிற ஒரே சொல் அதுதான் என்று யார் சொல்வது? சொல்லியிருக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தியின் குரலில் 'ஏனுங்' பதிவாயிற்று.

கூத்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பமாயிற்று. மச்சானோடு தேர்தலைப் பற்றி நாடி புடைக்க வாதாடிக்கொண்டிருப்பான். உள்ளேயிருந்து "ஏனுங், அந்த உப்பு ஜாடிய எடுத்தாங்" என்று குரல் வரும். அவ்வளவுதான், "நீங்க சொல்றதும் நெசந்தான் மச்சான்" என்று உட்கார்ந்துவிடுவான். மாடிக்குக் கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒரு தடவை அவள் கூப்பிட, பாதிப் படியில் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுச் சாந்த சொரூபியாக நின்றான். ஆதிரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அவனைப் பார்த்து அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. வார்த்தையை மாற்றித் தருகிறேன் என்று டாக்டர் சொன்னபோது அவன்தான் வேண்டாம் என்றான். "அதுவே இருக்கட்டுங். நல்லாத்தான் இருக்குது."

தன் மூக்கணாங்கயிற்றைத் தானே எடுத்துக் கொடுத்தவன் அவன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பொட்டு ஒரு பக்கம் இருக்க, வாரா வாரம் டாக்டரோடு பேச்சு. கோபம் எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும், அதற்கு முன்னால் வேறு யாரோ வந்து கதவைத் தட்டியிருப்பார்கள் என்பார் டாக்டர். அவமானமா, பயமா, களைப்பா, பசியா? ஆள் யாரென்று தெரிந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கோபம் வாசலோடு போய்விடும் என்பார். முதலில் தரணிதரனுக்கு இது குழந்தை விளையாட்டாக இருந்தது. பட்டறையில் வார்ப்பு ஒன்று விரிசல் விட்டபோது, கத்த வாயெடுத்தவன், வந்தது கோபமல்ல, வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிவோமே என்ற பயம் என்று கண்டுகொண்டான். அன்றைக்கு அவனுக்குப் புதிதாக ஒரு மோட்டார் செய்து ஓட்டிப் பார்த்தது போல இருந்தது. ஆனி, ஆடி என்று மாதங்கள் போகப் போக அது பழகிற்று. வீட்டில் டி.வி. பழைய சத்தத்துக்கு வந்தது.

தீபாவளி கழிந்த பின், மைசூர். சுகந்திக்கு அங்கே நல்ல வேலை கிடைத்திருந்தது. ஆதிரையையும் அழைத்துப் போய் அங்கேயே சேர்ப்பதாகச் சொன்னாள். அவன் கை தட்டின் விளிம்பைப் பிடித்தது. நாடி எகிறியது. பிடித்த கையைப் பார்த்தபடி, முன்னால் வந்தது யார் என்று கேட்டுக்கொண்டான். பயம். ஆளில்லாத வீட்டைத் தானே பூட்டித் தானே திறக்கிற பயம், போனவர்கள் வராமலே இருந்துவிடுவார்களோ என்ற பயம். அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தட்டை விட்டன. "சரி அம்மிணி, போயிட்டு வா" என்றான்.

நாற்பத்திரண்டு வயதில் அவன் தன்னைப் பற்றி முதன்முதலாகப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான். டாக்டரிடம் அதை இரண்டு தடவை சொன்னான். அவர் எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தண்ணீர் குடித்தார்.

அந்தப் பெருமையைத்தான் இப்போது அரைக்கீரைக் கட்டோடு நாற்காலியில் வைத்துவிட்டு வந்திருந்தான். சரி என்றது அவன் இல்லை. சோற்றோடு சேர்த்துப் போட்ட ஒரு 'ஏனுங்'. பயத்தைப் பார்த்தானாம், பயம் அவனைப் பார்த்ததாம்! வேலியே பயிரை மேய்ந்துவிட்டது. நம்பி எவள் கையில் நரம்பைக் கொடுத்தானோ அவளே அதை ஸ்விட்ச் போல அமுக்கியிருக்கிறாள். அதைத் தங்கையிடம் சொல்லிச் சிரிக்கவும் செய்கிறாள்.

டாக்டர் பெனிட்டாவின் அறைக்குள் அவன் செருப்போடு நுழைந்தான்.

"நான் என்ன வெளக்குங்ளா டாக்டர்? மோட்டாருங்ளா? வேணும்னா போட்டு, வேண்டாம்னா அணைக்கறதுக்கு?"

டாக்டர் அவனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "மைசூர் பத்திச் சொன்ன அன்னைக்கா?" என்றார்.

"அன்னைக்கேதான்."

"தரணி, அன்னைக்குப் பொட்டு வேலை செய்யல்ல."

"ரிப்பேருங்ளா?"

"நான்தான் நிறுத்தினேன். ஆவணியிலேயே. அதுக்குப் பெறகு அது நாடியை மட்டும்தான் பாத்துட்டிருக்கு. தட்டுறதே இல்ல. சுகந்தி ஆயிரம் தடவ 'ஏனுங்'ன்னாலும் ஒண்ணும் நடக்காது." மேஜைமேல் இருந்த திரையை அவன் பக்கம் திருப்பி, "அன்னைக்கு ராத்திரி உங்க நாடி ஏறினதை இதுல நான் பாத்தேன். கொஞ்சம் கொஞ்சமா எறங்கினதையும் பாத்தேன். எறக்கினது நீங்க. நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. களவு போன பொருள் வீட்டிலேயே இருந்தது என்று கேட்டவன் போல நாற்காலியில் விழுந்தான். அடுத்த கணம் மற்றது உறைத்தது.

"எனக்கேன் சொல்லுலீங்?"

"சொன்னா நீங்க நடக்கும்போது உங்க காலையே பாத்துட்டிருப்பீங்க. தடுக்கி விழுவீங்க. எல்லாருக்கும் இப்படித்தான் செய்யுறோம்."

"மூணு மாசமா என்னைய வெச்சுப் பரிட்சை பாத்திருக்கீங்க. அன்னைக்கு ஜன்னல் பக்கம் திரும்பித் தண்ணி குடிச்சீங்களே, அப்பவும் தெரிஞ்சுட்டுத்தான் குடிச்சீங்களா?"

"ஆமா." டாக்டர் மழுப்பவில்லை. "உங்ககிட்ட கேட்டிருக்கணும். கேக்காம செஞ்சது தப்புதான். அன்னைக்கே சொல்ல வாய் வந்துது. சொல்லல்ல."

"நான் நம்புன ரெண்டு பேரும்..." ஏதோ தோன்றி நிமிர்ந்தான். "சுகந்திக்கு இது தெரியுங்ளா?"

"தெரியாது. வீட்டுல பயந்துட்டா அது உங்களையும் பிடிச்சுக்கும்னுதான் அவங்களுக்கும் சொல்லல்ல."

அப்படியானால் அவள் அவனை ஏமாற்றவில்லை. ஏமாற்றுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதில் ஆறுதல் இருக்கும் என்று பார்த்தால், அதற்குள்ளேதான் இருந்ததிலேயே கூரான முள் இருந்தது. இந்த மூன்று மாதமும் அவள் சிரித்தது, பக்கத்தில் உட்கார்ந்தது, மைசூருக்கு வாங்க என்று கூப்பிட்டது எல்லாம் பொட்டை நம்பி. அவன் மாறியதை அவள் பார்க்கவே இல்லை. பாசிப்பருப்பு அகல வில்லை ஒன்றோடு அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள்.

"இன்னைக்கு நீங்களா போய்ச் சொல்லாதீங்க" என்றார் டாக்டர். "அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க, நான் பக்குவமா எடுத்துச் சொல்லுறேன். பொட்டு இருக்குங்கற தைரியத்துலதான் அவங்க உங்களை அங்க வரச் சொல்லியிருக்காங்க. அதை நீங்க இப்பப் போயி உருவினா, என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க."

அவன் யோசித்தான். வழி முழுக்க யோசித்தான். சொல்லாமல் இருந்தால் மாதம் இரண்டு தடவை மைசூர் உண்டு, மகள் உண்டு. அவள் 'ஏனுங்' என்று அமுக்குவாள், இவனும் அணைந்தது போல நடிக்க வேண்டும். சொன்னால் உண்மை ஜெயிக்கும். உண்மை ஜெயிக்க வேண்டும் என்றுதான் சொல்லப் போவதாக அவன் நினைத்துக்கொண்டான். பாதி அப்படித்தான். மீதிப் பாதி, தான் ஜெயிக்க வேண்டும் என்பது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவனைப் பார்த்து யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவனே பலமுறை சொல்லிக்கொண்டதுதான். ஆனால் இன்றைக்கு வந்தது ஆத்திரம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. நியாயம் என்றே தோன்றியது.

கூடத்தில் மைசூருக்குக் கட்டிய அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஆதிரை கீழே உட்கார்ந்து தன் புத்தகங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவன் உள்ளே கால் வைத்ததுமே சுகந்தி சமையலறை வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்," என்றாள். ஒரு மூச்சு விட்டு, "மோரு கொண்டாரட்டுங்ளா?" என்றாள்.

இத்தனை நாள் காதில் விழாத அந்த இடைவெளி இன்றைக்கு விழுந்தது. மருந்து போட்டுவிட்டு அது வேலை செய்யக் காத்திருக்கிற இடைவெளி.

"அது வேலை செய்யாது" என்றான்.

"எது?"

"நீ போடுற 'ஏனுங்'. நந்தினிகிட்டச் சொன்னியே, கேட்டேன். கேட்டுட்டு டாக்டர்கிட்டப் போனேன். ஆவணியிலயே நிறுத்திப்போட்டாங்களாம். இது வெறும் வில்லை, அம்மிணி." காதுக்குப் பின்னாலிருந்து பொட்டைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். "மைசூர் போகச் சொன்னது நானு. இது இல்ல. நானு! இந்த மூணு மாசமும் நான்தான் இருந்திருக்கேன்!"

அவன் எதிர்பார்த்தது என்ன? அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்பாள், இவன் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டுவான். சுகந்தி உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். இடது கையை நீட்டினாள். ஆதிரை புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பார்த்தாள்.

"எதுக்கு அங்க போறே? நான் என்ன பண்ணிப்போட்டேன் இப்ப?"

"ஒண்ணும் பண்ணுலீங்க."

"அப்பறம்? மூணு மாசம் ஒரு தட்டு பறந்துச்சா? ஒரு சத்தம்? நீ நம்புனது என்னைய இல்ல, இந்த வில்லைய!"

"எதையாச்சும் நம்பித்தானுங்க நான் தூங்கோணும்?" சுகந்தி மகளின் கையை விடாமல் பேசினாள். "பன்னெண்டு வருசம் நீங்க கேட்டைத் தொறக்கற சத்தத்துலயே உங்க மனசைப் படிச்சவ நானு. எந்தச் சத்தத்துக்குப் பிள்ளைய உள்ள அனுப்போணும், எந்தச் சத்தத்துக்குத் தட்டை எடுத்து ஒளிக்கோணும்னு எனக்குத் தெரியும். பொட்டு வந்தப்பறந்தான் கேட்டுச் சத்தத்தைக் கேக்கறத விட்டேன். நான் உங்கள அணைச்சேன்தான். தப்புதான். ஆனா எனக்கு வேற என்ன இருந்துச்சு? இன்னைக்கு நீங்க வந்த சத்தத்தைக் கேட்டீங்களா? வாசக் கேட்டு செவுத்துல போயி மோதுச்சு."

அவன் அதைக் கேட்டிருக்கவில்லை. கேட்டைத் தள்ளியதே நினைவில்லை.

"நான் மாறிட்டேன் சுகந்தி" என்றான். சொன்ன பிறகுதான் அது கத்தலாக வெளியே வந்திருப்பது தெரிந்தது. ஆதிரை கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

அவன் உள்ளங்கையை மூடினான். நெஞ்சு பம்பு போல அடித்தது. தட்டிக் கொடுக்கக் காதுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை, மேஜைக்கு அப்பாலிருந்து எந்த வார்த்தையும் வரவில்லை. முதலில் வந்தது யார் என்று தேடினான். துரோகம், என்றது மனசு. அதற்கும் முன்னால் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அப்போதுதான் தான் நிற்கிற இடத்தையும் பார்த்தான். அவர்களுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தான்.

பெட்டிகளை ஒட்டியபடியே நகர்ந்து, ஜன்னல் பக்கச் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்தான். கைகள் இரண்டையும் அவர்கள் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொண்டான்.

"பயமா இருக்குது அம்மிணி" என்றான். "அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல. நீங்க போறதுன்னா போங்க."

சுகந்தி அவனையே பார்த்தாள். அவனுடைய பாவனைகள் எல்லாம் தனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தவள், இது எந்த வகையில் சேர்த்தி என்று தேடுகிறவளைப் போலப் பார்த்தாள். பிறகு வண்டிச் சாவியை எடுத்தாள். "நந்தினி ஊட்டுக்குப் போறமுங்க" என்றாள். மகளை எதிர்ச்சுவரின் பக்கம் விட்டு, தான் அவன் பக்கமாக நடந்து, இருவரும் அவனைக் கடந்து போனார்கள்.

வெளியே கேட்டு திறந்தது. கொஞ்ச நேரம் கழித்து மூடிக்கொண்டது. மெதுவாகத்தான் சாத்தினாள். திரும்பி வருகிறவள் சாத்துகிற மெதுவா, சத்தம் கேட்டால் வம்பு என்று பயந்து சாத்துகிற மெதுவா? தரணிதரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தத்தைத் திரும்பத் திரும்பக் காதுக்குள் ஓட்டிப் பார்த்தான். பன்னிரண்டு வருஷம் அவள் படித்த பாஷை அது. அவனுக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.